மூன்றில் ஒரு பங்கு

1984ல் அம்மா தன் அண்ணன்மார் இருவர் மீதும் பாகப்பிரிவினை வழக்குப் போட்டாள். கூடப்பிறந்தவனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்று ஊர் பேசியது. தாமிரபரணிப் பாசனத்தில் இருபோகம் விளையும் நஞ்சை. தாத்தா சுயமாகச் சம்பாதித்து வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துபோனார். பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டாள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பதால் அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. இதில் சட்டச் சிக்கல் எதுவும் கிடையாது. அந்த மூன்றில் ஒன்று அவள் கைக்கு வர 2011 ஆகிவிட்டது.

வீட்டைப் பற்றி வழக்கில் ஒரு வரிகூட இல்லை. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வராதவரை அவள் பிரித்துக் கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுத்தது. 2005ல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். தான் பிறந்த வீட்டைக் கேட்க முடியாது என்று வக்கீல் சொன்ன அன்று அம்மா சாயங்காலம் வரை யாரிடமும் பேசவில்லை.

வழக்கு எப்படி நகரும் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வக்கீல் குமாஸ்தாதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் பிராது. அதைச் சிரஸ்தார் சரிபார்ப்பார். சர்வே எண்ணிலோ நான்குமாலிலோ குறை இருந்தால் திருப்பிவிடுவார். குறை நீக்கிக் கொடுத்தால் எண் விழும். அப்புறம் பிரதிவாதிகளுக்குச் சம்மன். அவர்கள் வக்காலத்து போட்டு எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். இரண்டையும் வைத்து நீதிபதி எழுவினாக்கள் வனைவார். பிறகு சாட்சி, வாதம், தீர்ப்பு. அவர் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

முதல் அடி கோர்ட் கட்டணத்திலேயே விழுந்தது. சொத்து கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்று சொல்லும் பங்குதாரர் சிறிய நிலைக் கட்டணம் கட்டினால் போதும். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் தன் பங்கின் மதிப்பைப் பொறுத்துக் கட்ட வேண்டும். அன்று தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு ஏழரை ரூபாய். ஒரு மரக்கால் நெல்கூட வீட்டுக்கு வராதவள் கூட்டு அனுபவம் என்று எப்படி எழுதிக்கொடுப்பாள்? சங்கிலியை அடகு வைத்துக் கட்டினாள். 2017ல் சட்டத்தைத் திருத்தி இந்த வீதத்தை நூற்றுக்கு மூன்றாக்கினார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் வெளியே தள்ளப்பட்டவர்தான் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு மாறவில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பிறகு வாய்தா. சம்மன் கொண்டுபோன கோர்ட் சேவகர், ஆள் வெளியூர் என்று எழுதித் திருப்பினார்; அதற்கு ஒரு வாய்தா. எதிருரை தயாராகவில்லை, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, நீதிபதி மாற்றல், கோர்ட் புறக்கணிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்தா. எங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரே பஸ்தான். அம்மாவும் மாமாக்களும் அதே பஸ்ஸில் ஏறி, அதே வேப்பமரத்தடியில் நின்று, டவாலி பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய், தேதி வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்புவார்கள். ஒருநாள் சின்ன மாமா டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாமல் தடுமாறியபோது அம்மா அவருக்கும் சேர்த்து எடுத்தாள். அவர் வேண்டாமென்று சொல்லவுமில்லை, அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை.

அவள் சாட்சிக் கூண்டில் நின்ற நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் முதல் விசாரணையும் வாய்மொழியாகவே நடக்கும். சொந்த வக்கீல் கேட்க, அவள் தன் கதையைத் தன் வாயால் சொன்னாள். அப்பன் எந்த வயலை எப்போது வாங்கினார், நாற்றங்கால் எங்கே, மடை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் ஒரு அதிகாரி அவள் பேச்சை முழுதாகக் கேட்டது அன்றுதான். பிறகு குறுக்கு விசாரணை. "கல்யாணத்துக்கு நகை போட்டார்களே, அதைத்தானே பங்குக்குப் பதிலாக வாங்கிக்கொண்டீர்கள்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "அது அப்பா பிரியப்பட்டுப் போட்டதுங்கய்யா. பங்குக்கு ஈடு என்றால் பத்திரம் எழுதியிருப்பாரே" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாதவள். விடுதலைப் பத்திரம் எதுவும் இல்லை என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. அதை அவளே சொல்லிவிட்டாள்.

2002 ஜூலை முதல் அமலுக்கு வந்த உரிமையியல் நடைமுறைச் சட்டத் திருத்தம் இந்த வாய்மொழி முறையை மாற்றியது. இப்போது முதல் விசாரணைக்குப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்தால் போதும். நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் இன்று கோர்ட்டுக்குப் போகும் பெண் வாய் திறந்து பேசும் முதல் வார்த்தையே பெரும்பாலும் எதிரி வக்கீலின் கேள்விக்குப் பதிலாகத்தான் இருக்கிறது. அவளுடைய கதையை வக்கீல் அலுவலகத்தில் யாரோ தட்டச்சு செய்துவிடுகிறார்கள். இதை ஒரு இழப்பாகவே நினைக்கிறேன்.

அதே திருத்தம்தான் எதிருரைக்கு 30 நாள், மிஞ்சினால் 90 நாள் என்றது. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்றது. சேலம் வழக்கறிஞர் சங்கம் இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. கூடவே, தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் நீதிபதி இந்த வரம்புகளைத் தளர்த்தலாம் என்றும் ஆனது. அந்தத் தளர்வின் வழியாகத்தான் இன்றும் வாய்தாக்கள் உள்ளே வருகின்றன.

1991ல் அம்மா ஜெயித்தாள். தெருவெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். கிடைத்தது முதல்நிலைத் தீர்ப்பாணை. அது உன் பங்கு இவ்வளவு என்று மட்டும் சொல்லும். எந்த வரப்பிலிருந்து எந்த வரப்பு வரை என்று சொல்லாது. அதற்குள் மாமாக்கள் சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்டார்கள், தடையுத்தரவோடு. அது நடக்கும்போதே பெரிய மாமா இறந்துபோனார். அவருடைய வாரிசுகளைத் தரப்பினராகச் சேர்க்க மனு, அதற்குச் சம்மன், அதற்கு வாய்தா. அண்ணன் சாவுக்கு அழுது முடித்த அம்மா, அவர் பிள்ளைகளைத் தரப்பினராகச் சேர்க்கும் மனுவில் கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் நாளைக்கு அவர்களைத் தீர்ப்பு கட்டுப்படுத்தாமல் போய்விடும் என்றார் வக்கீல்.

அங்கேயும் ஜெயித்தோம். அடுத்து உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே அதை ஏற்கலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவு. எங்கள் வழக்கில் அப்படி ஒன்றும் இல்லையென்று 2006ல் தள்ளுபடி ஆயிற்று. கேள்வியே இல்லை என்று தெரிந்துகொள்ள அத்தனை ஆண்டுகள். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்ததில் சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறும் அலைச்சலாவது மிச்சம்.

அதன்பிறகுதான் இறுதிநிலைத் தீர்ப்பாணைக்கு மனு. வழக்கறிஞர் ஆணையர் சர்வேயருடன் வந்து அளந்தார். மடைப்பக்கம் யாருக்கு என்பதில் மாமா பிள்ளைகள் ஆட்சேபம் சொன்னார்கள். பிறகு முத்திரைத்தாளில் தீர்ப்பாணை, நிறைவேற்று மனு, அமீனா. 2011ல் அமீனா வந்து அம்மாவிடம் வயலை ஒப்படைத்தார். அவளால் வரப்பில் நடக்க முடியவில்லை. இடைப்பட்ட வருஷங்களின் விளைச்சலில் பங்கு கேட்கலாம் என்றார் வக்கீல். போதும்ங்கய்யா என்றுவிட்டாள்.

இப்போது என் சித்தப்பா மகள் அதே கோர்ட்டில் வழக்கு நடத்துகிறாள். பூர்வீகச் சொத்து. மகளும் பிறப்பாலேயே பங்காளி என்று 2005 திருத்தம் சொன்னது. அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அம்மாவுக்கு இல்லாத பலம் இவளுக்கு இருக்கிறது. வழக்குக்குப் பதினாறு இலக்கத்தில் ஒரு அடையாள எண். செல்போனில் அதைத் தட்டினால் அடுத்த தேதி, எதற்காக அந்தத் தேதி, எந்த நீதிபதி எல்லாம் தெரிகிறது. தேதி கேட்க குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. இது பெரிய விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தத் திரையில் வரும் வரிகள் எனக்குப் பழக்கமானவை. சம்மன் சார்வாகவில்லை. எதிருரைக்காக. மீண்டும் எதிருரைக்காக. "எல்லாம் கண்ணுக்குத் தெரியுதுக்கா, ஒண்ணும் நகரமாட்டேங்குது" என்கிறாள். கம்ப்யூட்டர் தேதியைக் காட்டும். தேதி தள்ளிப்போவதை அது தடுக்காது. காலியான நீதிபதி இடங்களை நிரப்புவதும், காரணமில்லாத வாய்தாவை மறுப்பதும், சம்மனை உரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மனிதர்கள் செய்யவேண்டிய வேலை. தீர்ப்பு வாங்கியபின் அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் மனுக்கள் நாடு முழுவதும் எட்டு லட்சத்துக்கு மேல் கிடப்பில் இருப்பதாக 2025ல் உச்ச நீதிமன்றமே வேதனைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு பழைய நில வழக்கை ஒட்டித்தான் அந்தக் கணக்கே எடுக்கப்பட்டது. ஜெயித்தும் பெறாத அத்தனை பேரிலும் நான் அம்மாவைத்தான் பார்க்கிறேன்.

பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவர்களுக்குச் சில வார்த்தை. சமரச மையத்துக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதல்நிலைத் தீர்ப்பு வந்ததும் அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். தனி மனுவுக்காகக் காத்திராமல் விசாரணை நீதிமன்றமே வழக்கை இறுதிநிலைக்கு எடுத்துச்செல்ல வேண்டும் என்று 2022லேயே உத்தரவு இருக்கிறது. அதை உங்கள் வக்கீலிடம் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று எந்தப் பெண்ணும் பங்கை விட்டுவிட வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.