கேட்டது ஒன்று, கெட்டது ஒன்று!

ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்பீல்ட்ஸ்
கே: மகன் 1980களில் விளையாடிய கொமடோர் 64 கணினி அகப்பட்டது. பேரனுக்குக் காட்டலாம் என்று சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறது. நினைவகம் செத்துவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ப: செத்திருக்கலாம். ஆனால் இயற்கை மரணம் இல்லை, கொலை! கூடவே வந்ததே ஒரு கனத்த பவர் பெட்டி, அதைப் பிடித்து விசாரியுங்கள். உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. வயதானபின் 5 வோல்ட் தர வேண்டிய கம்பியில் அதற்கு மேலே ஏற்றிவிடும். முதல் பலி பெரும்பாலும் நினைவகச் சிப்புகள்தாம். மல்ட்டிமீட்டரில் 5.25-ஐத் தாண்டினால் பெட்டிக்குக் கருமாதி செய்துவிடுங்கள். சரியாகக் காட்டினாலும் நம்ப வேண்டாம், சூடேறிய பிறகுதான் சுயரூபம் தெரியும். இக்காலத்தில் செய்த மாற்றுப் பெட்டி வாங்குவதே நல்லது. அப்புறம், பிஎல்ஏ என்ற சிப் போனாலும் இதே கறுப்புத் திரைதான் வரும். பக்கத்து வீட்டுக்காரர் டாக்டராகாமல் போனது தாமான் முழுவதுக்கும் நல்லது.

வாசகர், பூச்சோங்
கே: 64 கேபி என்று விற்றுவிட்டு 38911 பைட்தான் காலி என்று காட்டுவதே மோசடி. என் கொமடோர் அதைவிடவும் குறைத்துக் காட்டுகிறதே?

ப: மோசடி இல்லை ஐயா. மொத்தம் 65,536 பைட். பேசிக் மொழிக்கான ரோம் 8 கேபியையும், இயக்க நிரல் 8 கேபியையும், திரை, ஒலிச் சிப்புகளின் முகவரிகள் 4 கேபியையும் மறைத்து உட்கார்ந்திருக்கின்றன. இன்னொரு 4 கேபியை பேசிக் தொடாது. அடியில் இரண்டு கேபி சொச்சம் வீட்டுச் செலவுக்கு. கழித்துப் பாருங்கள், 38,911 வரும்.

எண் குறைந்தால்தான் வில்லங்கம். சுவிட்சைப் போட்டதும் கணினி கீழிருந்து ஒவ்வொரு பைட்டிலும் எழுதி, திரும்பப் படித்துப் பார்க்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில் முதல் குழியைக் கண்டதும் “கிள்ளான் வந்தாச்சு” என்று எல்லாரையும் இறக்கிவிடும் பஸ் ஓட்டுநர் மாதிரி, முதல் பழுதில் நின்று அதையே எல்லை என்று அறிவித்துவிடும்.

கல்லூரி மாணவர், ஷா ஆலாம்
கே: கொமடோரின் எட்டு நினைவகச் சிப்பில் ஒன்று போனால் 56 கேபியாவது மிஞ்ச வேண்டாமா?

ப: கணக்கு சரி, கணினிதான் ஒப்புக்கொள்ளாது. 4164 வகைச் சிப் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரே ஒரு பிட்டைத்தான் வைத்திருக்கும். ஒன்று போனால் 65,536 பைட்டும் ஊனம். கடைசி பிட் பூஜ்யத்திலேயே ஒட்டிக்கொண்டால், 65 என்று சேமித்த ‘ஏ’ திரும்பும்போது 64 ஆகி, மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழியாக நிற்கும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க விரல் போதும். ஒரு நிமிடம் ஓடவிட்டுத் தொடுங்கள், உடன்பிறப்புகளைவிட அதிகம் கொதிப்பவர்தான் ஆள். ஆள் சிக்கவில்லையென்றால், நல்ல சிப் ஒன்றை மேலே கவிழ்க்காமல் அப்படியே அமுக்கி வைத்துப் பாருங்கள். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. டெட் டெஸ்ட் என்ற கார்ட்ரிட்ஜ் இருந்தால் திரை எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணியே ஆளைப் பிடிக்கலாம்.

வாசகர், காப்பார்
கே: என் கொமடோர் மழைக்காலத்தில் மட்டும் மக்கர் செய்கிறது. வெயிலில் காயவைக்கலாமா?

ப: அது கருவாடு இல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் சிப்பின் கால்கள் கறுத்துவிடும். சாக்கெட்டில் இருப்பவற்றைக் கழற்றித் துடைத்து மறுபடி சொருகுங்கள்.

வாசகர், கிள்ளான்
கே: என் ஸ்பெக்ட்ரம் 48கே கணினியில் சின்ன விளையாட்டுகள் மட்டுமே ஓடுகின்றன.

ப: 23732, 23733 ஆகிய முகவரிகளை பேசிக்கின் ‘பீக்’ கட்டளையால் படித்து, இரண்டாவதை 256ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டுங்கள். 65535 வர வேண்டும். 32767 வந்தால் மேல் 32 கேபி படுத்துவிட்டது. அந்தச் சிப்புகளின் பூர்வீகம் தெரியுமா? 64 கிலோபிட் சிப்பாகப் பிறந்து, பாதி பழுதானதால் மலிவாக விற்கப்பட்டவை. நல்ல பாதியை மட்டும் இணைத்து வேலை வாங்கினார் ஸ்பெக்ட்ரத்தைத் தந்த கிளைவ் சின்கிளேர். அவருக்கு 1983-இல் ‘சர்’ பட்டம் முழுசாகவே கிடைத்தது. மாற்றும்போது முழு 4164 போடுங்கள். பழையதன் கால்களை முதலில் வெட்டி, ஒவ்வொன்றாக உருவுங்கள். முரட்டுத்தனமாகப் பெயர்த்தால் போர்டின் தடமும் சேர்ந்து வரும். சாக்கெட்டும் ஈயம் உறிஞ்சியும் புடு, ஜாலான் பாசார் கடைகளில் கிடைக்கும்.

வாசகி, பெட்டாலிங் ஜெயா
கே: பழைய போர்டில் சில சிப்புகளில் ‘மலேசியா’ என்று அச்சிட்டிருக்கிறது. அம்மா 1970களில் சுங்கைவேயில் மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தவர். அவர் செய்ததாக இருக்குமா?

ப: இருக்கலாம் அம்மா, வாய்ப்பு நிறையவே உண்டு. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972-இல் பினாங்கில் திறந்தது. அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சுங்கைவேயில் மோட்டோரோலா, உலு கிள்ளான் பக்கம் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். சிலிக்கான் தகடு வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும். அதைத் துண்டாக்கி, ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் காலோடு இணைத்து, மூடி, சோதித்து அனுப்பியது இங்கே. கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து ஷிப்டு ஷிப்டாகச் செய்த வேலை அது. தலைவலியும் கண்வலியும் சம்பளத்தோடு சேர்ந்து வந்தன. எட்டு நினைவகச் சிப்புகளுக்கே நூற்றுக்கு மேல் கம்பிகள் வேண்டும், ஒன்று விட்டாலும் எல்லாம் வீண். ஒரு ஷிப்டுக்கு எத்தனை போட்டார் என்று அம்மாவிடம் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வரலாறுகளில் முதலாளியின் படம்தான் இருக்கும்.

நான்காம் படிவ மாணவர், செந்தோசா
கே: கொமடோரில் தமிழ் எழுத முடியுமா?

ப: முடியும் தம்பி. 256 எழுத்து வடிவங்கள், ஆளுக்கு 8 பைட், ஆக 2 கேபி. உன் சொந்த உருவங்களை நினைவகத்தில் வைத்துக் கொள்ளலாம். 247 எழுத்தும் எண்ணிக்கையில் அடங்கும், அகலத்தில் அடங்காது. எட்டுப் புள்ளிக்குள் ‘ணை’யைத் திணித்தால் அது மூச்சு முட்டிச் சாகும். கொம்பையும் காலையும் தனிக் கட்டங்களாகப் பிரித்துவிடு. பெரிய கணினிக்கு ஆசைப்பட்டால், நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-லேயே ‘முரசு’ தமிழ் மென்பொருள் வேலையைத் தொடங்கிவிட்டார் என்பதையும் தெரிந்துகொள். ஆனால் பிட் ஒன்று செத்த சிப்போடு மட்டும் முயலாதே. புள்ளி காணாமல் போய் ‘பக்கம்’ என்பது ‘பககம’ ஆகிவிடும். உன் தமிழாசிரியர் சிப்பைத் திட்ட மாட்டார்.