ஏழு பேர் இருந்தால் சங்கம்

தமிழ்நாட்டில் பொதுநலம் காக்க ஏழு பேர் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 அப்படித்தான் சொல்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர், மூன்று துணைத் தலைவர்கள் போக, மீதமுள்ள ஒருவர் உறுப்பினர்.

மாவட்டப் பதிவாளர் அலுவலக அலமாரியில் ஏற்றத்தாழ்வு கிடையாது. சமத்துவபுரம் கெட்டது போங்கள்! தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டையிடும் குடியிருப்போர் நலச் சங்கம், ஆண்டுக்கொருமுறை காது குத்துக்குக் கூடும் சாதிச் சங்கம், மார்கழிக்கு மட்டும் விழிக்கும் சபா எல்லாம் ஒரே கட்டில் உறங்குகின்றன.

அந்த வரிசையில் ஒரு சங்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியமும் இதே சட்டத்தின்கீழ் வரும் லாப நோக்கமற்ற சங்கம்தான். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை அது 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. லாபம் நோக்கமில்லை, தானாக வந்து சேர்ந்தது.

1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் லாப நோக்கமற்றதுதான். அங்கே பணமில்லாதவருக்கும் கண்புரை அறுவை நடக்கிறது.

குடியிருப்போர் சங்கத்திலோ பொதுக்குழு கூடியிருக்கிறது. “பொருளாளர் சார், போன வருஷக் கணக்கு?”

“ஆடிட்டர்கிட்ட இருக்கு.”

அடுத்த பொருள், தேநீர்.