பல்லி விழும் பலன்

பஞ்சாங்கத்துல பல்லி விழும் பலன்னு ஒரு பக்கமே ஒதுக்கி வெச்சிருக்கான். தலையில விழுந்தா கலகம்னு ஆரம்பிச்சு உள்ளங்கால் வரைக்கும் விடாம எழுதியிருக்கான். சோலார் இன்வெர்ட்டர் போர்டு மேல விழுந்தா இன்னா பலன்னு மட்டும் எழுதல. அதை நான் சொல்றேன், கேட்டுக்கோ தம்பி. பல்லிக்கு மரணம், போர்டுக்கு மரணம், வீட்டுக்காரனுக்குத் தனவிரயம்.

வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டா தோஷம் போவுதுன்னு எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வர்றாங்க. பிள்ளையார்பாளையத்துல பொறந்து வளர்ந்த நீ, உன் வீட்டுப் பல்லி ஒண்ணு தொட்டதுக்கே இடிஞ்சுபோய் உக்காந்திருக்க. கேட்டா "திடீர்னு போயிடுச்சு பெரிப்பா"ங்கற. திடீர்னா? அந்த இன்வெர்ட்டர் பெட்டி ஆறு மாசமா உன்னை ஜாடை காட்டிக் கூப்பிட்டுக்கினு இருந்துச்சு. நீ திரும்பிப் பாக்கல. உனக்குத்தான் அது திடீர்.

மாடி மேல ஆறு சோலார் பலகை ஏறுன அன்னைக்கு நீ நின்ன நிலை இருக்கே! தெருவுல போறவன் வர்றவன் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டின. 2024-ல பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் பேங்குல விழுந்ததும் இன்னும் ரெண்டு அங்குலம் வளர்ந்துட்ட. தப்பில்ல. வெயில் நம்ம ஊருக்குச் சும்மா கிடைக்கிற சொத்து. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்துல பலகை செய்யற பெரிய ஃபேக்டரியே வந்துடுச்சு. ஆனா பலகை சும்மா வெயில்ல படுத்துக்கினு இருக்கற ஆளு. அது குடுக்கற டிசியை ஏசியா மாத்தி, ஈபி கம்பியோட தாளம் தப்பாம சேர்ந்து, நாள் பூரா மாரடிக்கறது சுவத்துல மாட்டின அந்தப் பெட்டி. அதுக்கு நீ எந்த இடம் குடுத்த? மாடிப்படி மேல, மேற்கு பார்த்த சுவரு, தலைக்கு மேல தகரம். உனக்கு மட்டும் கீழ ஏசி!

அக்னி நட்சத்திரத்துல சாயங்காலம் நாலு மணிக்கு அந்த தகரத்துக்கு அடியில போய் நின்னு பாரு, நீயே ஆவியாயிடுவ. வெளியே 41 டிகிரின்னா பெட்டிக்குள்ள அறுபதைத் தாண்டும். ரொம்ப சூடானா அது தன்னைத்தானே அடக்கிக்கும், உற்பத்தியைக் குறைச்சுக்கும். அதுதான் முதல் ஜாடை. வெயில் கொளுத்துது, யூனிட் மட்டும் குறையுதேன்னு நீ ஒரு நாளாவது யோசிச்சியா? உள்ள கெப்பாசிட்டர்னு சின்னச் சின்ன டப்பா மாதிரி இருக்கும். பத்து டிகிரி சூடு ஏறினா அதோட ஆயுசு ஏறக்குறைய பாதியாயிடும். இது ரிப்பேர் கடைக்காரன் கட்டிவிட்ட கதை இல்ல, எலக்ட்ரானிக்ஸ் படிச்ச எவனைக் கேட்டாலும் சொல்லுவான். பத்து வருஷம் வர வேண்டியதை அஞ்சு வருஷத்துல தீர்த்துக்கட்ட உனக்கு ஒரு மேற்கு சுவரும் ஒரு தகரமும் போதும். வடக்குச் சுவரு, நிழல், மேலயும் பக்கத்துலயும் ஒரு முழம் காத்தோட்டம், பின்னாடி இருக்கற அலுமினிய மடிப்புல ஒட்டடை இல்லாம இருக்கணும். அவ்ளோதான் அது கேக்கறது.

பல்லி எப்படி உள்ள போச்சுன்னு கேட்ட இல்ல? பெட்டி மேல ஐபி 65-ன்னு போட்டிருக்கு, தூசி நுழையாது, தண்ணி நுழையாதுன்னு உனக்கு சொல்லியிருப்பான். வாஸ்தவம். ஆனா வயர் நுழைக்க அடியில ஓட்டை இருக்கு. வயரைச் சுத்தி இறுக்கற கிளாண்டை, பெட்டி மாட்டின உன் ஆளு சரியாத் திருகல. பயன்படாத ஓட்டைக்கு மூடி போடாம, மூடியைப் பைக்குள்ள போட்டுக்கினு போயிட்டான். ராத்திரி பெட்டியில இருக்கற குட்டி விளக்கு மினுக்கும். பூச்சி வரும். பூச்சி வந்தா பல்லி வராம இருக்குமா? உள்ள கதகதப்பு, சாப்பாடு, வாடகை கிடையாது. எறும்புக்கும் இதே ஏற்பாடுதான். கீழ் வீட்டுல பேட்டரி வெச்ச யூபிஎஸ் இருக்கே, அதுல காத்துப் போக நீட்டமா வெட்டு விட்டிருக்கு. அங்க இன்னும் வசதி, அதுங்களுக்கு ராஜகோபுர வாசலே திறந்து வெச்ச கணக்கு. கொசுவலைத் துணி மாதிரி மெல்லிசு கம்பி வலை ஒரு சாண் வாங்கி ஒட்டு. காத்து போவணும், பல்லி போவக்கூடாது.

சரி, பல்லி பாவம், சின்ன ஆளு. பெரிய ஆளு இடி. ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் இடிக்கற இடிக்கு, நேரா உன் மாடியில விழணும்னு அவசியமே இல்ல. அரை கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலும் கம்பி வழியா ஒரு அலை வரும். அதைத் தடுக்கத்தான் டிசி பெட்டியிலயும் ஏசி பெட்டியிலயும் சர்ஜ் புரொடெக்டர்னு ஒண்ணு வெக்கறது. எஸ்பிடி-ன்னு சொல்லுவாங்க. அது மூஞ்சியில நகம் அளவு ஒரு ஜன்னல் இருக்கும். பச்சையா இருந்தா உசுரோட இருக்கு. சிவப்பாயிட்டா, உன்னைக் காப்பாத்திட்டு அது செத்துப் போச்சுன்னு அர்த்தம். அந்த ஒரு துண்டை மட்டும் உருவி மாத்தினா போதும். நீ மாத்தல. அடுத்த இடிக்கு யாரு முன்னாடி நிப்பா? இன்வெர்ட்டர்தான்.

அத்தி வரதர் 1979-ல வந்தாரு, 2019-ல வந்து 48 நாள் தரிசனம் குடுத்தாரு, இனிமே 2059. அனந்த சரஸ் குளத்துக்குள்ள இருக்கற பெருமாளுக்கு அது அழகு. உன் டிசி பெட்டியும் அப்படியே நாப்பது வருஷத்துக்கு ஒருதரம் திறந்தாப் போதும்னு நினைச்சுக்கினு இருக்கியே, அதுதான் எனக்குத் தாங்கல.

எஸ்பிடி நல்லா இருந்தா மட்டும் போதாது. அது வாங்கற அடியைக் கொண்டுபோய்க் கொட்ட மண்ணு வேணும். மேல இடிதாங்கிக்கு ஒண்ணு, டிசிக்கு ஒண்ணு, ஏசிக்கு ஒண்ணுன்னு மூணு எர்த் குழி இருக்கணும். உன் வீட்டுல மூணு மூடி இருக்கு, நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு மூடியைத் தூக்கினா அடியில கம்பியே இல்ல, சும்மா சிமெண்டுல பதிச்ச மூடி! மானியத்துக்குப் படம் புடிக்க மூடி போதும், இடிக்குப் போதாது. மீதி ரெண்டுலயும் மண்ணு வறண்டு பாளம் பாளமா வெடிச்சிருக்கு. பட்டு இழை அறுந்துடுமேன்னு கோடையில தறிக்குழிப் பக்கம் பாத்துப் பாத்துத் தண்ணி தெளிக்கிற. எர்த் குழிக்கு வாரத்துக்கு ஒரு குடம் ஊத்த மாட்டேங்கற. அளக்கற மெஷின் வெச்சிருக்கறவனைக் கூப்பிட்டு அளந்து பாரு, அஞ்சு ஓமுக்குக் கீழ இருக்கணும்.

இப்ப கொஞ்சம் நுணுக்கமான விஷயம். மத்தியானம் பன்னெண்டு மணிக்கு, நல்ல வெயில்ல, பெட்டி தானா நின்னு நின்னு ஓடுதுன்னு சொன்ன. கெட்டுப்போச்சுன்னு ஊரெல்லாம் சொன்ன. அது கெடல, உன் தெருவுல பவுசு கூடிப்போச்சு. உன்னைப் பார்த்து ஏழெட்டு வீட்டுல பலகை போட்டாங்க. மத்தியானம் எல்லாரும் கம்பிக்குள்ள கரண்டைத் தள்றீங்க, எடுத்துச் செலவழிக்க ஆளில்ல, வோல்டேஜ் ஏறுது. 230-க்கு மேல பத்து சதவீதம், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினா இன்வெர்ட்டர் கையை எடுத்துக்கும். அது ஒழுங்கு. இதுல உன் பங்கும் ஒண்ணு உண்டு. இன்வெர்ட்டர்லேர்ந்து மீட்டர் வரைக்கும் இருபது மீட்டர், அதுக்கு 2.5 ஸ்கொயர் வயர் போட்டிருக்க. 3 கிலோவாட்டுன்னா 13 ஆம்பியர் ஓடும், அந்த வயர்லயே நாலு வோல்ட் கூடிடும். 6 ஸ்கொயர் போட்டிருந்தா ஒன்றரை வோல்ட்டோட போயிருக்கும். மிச்சம் புடிச்ச வயர் காசுல நீ இன்னா வாங்கின? தெருவுல வோல்டேஜ் ஏறறதை ஈபி ஆபீசுல எழுதிக் குடுத்து, டிரான்ஸ்பார்மர்ல டேப் மாத்தச் சொல்லணும். "ரகசிய நம்பர் போட்டு லிமிட்டை ஏத்தி விடறேன் அண்ணே"ன்னு எவனாவது வந்தா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடு. லிமிட்டு ஏறினா, காசு குடுத்து வாங்கி வெச்சிருக்கற ஃபிரிட்ஜும் டிவியும் சேர்ந்து அனுபவிக்கும்.

ஈபி போனா சோலாரும் போயிடுது, ஏமாத்திட்டாங்கன்னு திட்டற பாரு, அதையும் நிறுத்து. கம்பத்து மேல வேலை செய்யற லைன்மேனு உன் மாடி கரண்டுல கருகக் கூடாதுன்னுதான் அது நிக்குது. அவனுக்கும் வீட்டுல பொண்டாட்டி புள்ள இருக்கு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப கம்பி அறுந்து, அப்புறம் ஒட்டுப் போட்டுக் கரண்டு குடுத்தாங்க இல்ல? புயலுக்கு அப்புறம் வர்ற கரண்டை நம்பாத. நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருந்தா, ஒரு பேஸ்ல லோடு கம்மியா இருக்கற வீட்டுக்கு 230 வரவேண்டிய இடத்துல முன்னூத்துச் சொச்சம் வரும், நானூறை நெருங்கும். புயல்னு ரேடியோவுல சொன்ன உடனே ஏசி சுவிட்சை அணை, அப்புறம் டிசி சுவிட்சை அணை. கரண்டு வந்து, லைட்டு ஒரே சீரா எரியுதான்னு பார்த்துட்டு மெதுவா போடு.

அணைக்கறதுலயும் முறை இருக்கு. ஏசி முதல்ல, டிசி பின்னாடி. அணைச்சதும் மூடியைத் திறக்காத. உள்ள கெப்பாசிட்டர்ல மிச்சம் நிக்கும், அஞ்சு பத்து நிமிஷம் வெத்தலை போட்டுக்கினு உக்காரு. ஏசி கரண்டு நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டு வரும், அதனால பொறி பறந்தாலும் அணையும். டிசி அணையாது, இழுத்தா நூல் மாதிரி நீண்டுக்கினே வரும், பத்த வெச்சுட்டுத்தான் போவும். ஆறு பலகை வரிசையில 300 வோல்ட் சுமாரா இருக்கு. வெயில் இருக்கற வரைக்கும் அந்த வயர்ல உசுரு இருக்கு, ஈபி இருந்தாலும் இல்லாட்டியும். ஓடிக்கினு இருக்கறப்ப பலகை கனெக்டரைப் புடுங்கற வீரம் மட்டும் வேணாம். உன் மச்சான் யூடியூப் பார்த்துட்டு ஸ்குரூடிரைவரோட வந்தானே, அவனுக்கு கேசரி குடுத்து அனுப்பு.

மழை நாள்ல காலையில ஐசோலேஷன் ஃபால்ட்னு காட்டிச்சுன்னா மாடியில எலியோ அணிலோ வயரைக் கடிச்சிருக்குன்னு பாரு. வெயில் வந்ததும் காஞ்சு சரியாயிடும், நீயும் சரியாயிடுச்சுன்னு விட்டுடுவ. அதுவும் ஜாடைதான். வயரைக் குழாய்க்குள்ள விடு.

வாரண்டி அட்டையை பீரோவுல புடவைக்கு அடியில வெச்சிருக்க. எடுத்துப் படி. பலகைக்கு 25 வருஷம்னு போட்டிருக்கும், பெட்டிக்கு அவ்வளவு வராது. இடி, எலி, வெள்ளம்லாம் அதுல சேராதுன்னு பொடி எழுத்துல இருக்கும். ஆனா மானியத்துல போட்டவன் அஞ்சு வருஷம் வந்து பார்த்தே ஆவணும், அது அவன் கடமை. கெஞ்சாத, தேதி கேளு. வர்றவன் கிட்ட கிளாண்டு, எஸ்பிடி, எர்த்து மூணையும் காட்டச் சொல்லி முன்னாடி நின்னு பாரு.

அப்புறம் ஒண்ணு. 3 கிலோவாட்டுக்கு நல்ல வெயில் நாள்ல 12 யூனிட் சுமாரா வரணும். உன் வீட்டுல மாசி மாசத்துலேர்ந்தே ஒன்பது, எட்டுன்னு இறங்கிச்சு. எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? உன் போன்ல இருக்கற ஆப்பைப் பார்த்தா எனக்குத் தெரியும்? மருமவப் பொண்ணு பால் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல தினம் சாயங்காலம் எழுதி வெச்சிருக்கா. உன்கிட்ட ரெண்டு தரம் சொன்னாளாம். நீ "மேகம்"னு சொன்னியாம். மாசி மாசத்துல காஞ்சிபுரத்துல ஏதுடா மேகம்? இனிமே சர்வீஸ்காரன் வந்தா அவளைப் பேச விடு, நீ போய் ஏணியைப் புடி.