ஓட்ஸுக்கு வந்த வாழ்வு

1970-களில் எங்கள் மதுரைத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஓட்ஸ் வாங்கிப் போகிறார்கள் என்றால், அங்கே யாரோ படுத்துக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். சாதாரணக் காய்ச்சலுக்கு பார்லி. அதற்கும் மசியாவிட்டால் தகர டப்பாவில் ஓட்ஸ். உப்பும் மோரும் விட்டுக் கரைத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பயந்தே பலர் சீக்கிரம் எழுந்து நடமாடினார்கள். திடமாக இருந்தவர்களுக்குப் பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். சாப்பிட்டு முடித்து, பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் ‘இட்லி’ என்று சொல்வது அன்றைய நாகரிகம்.

இப்போது என் மகள் ராத்திரியே கண்ணாடி ஜாடியில் ஓட்ஸை ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறாள். காலையில் போட்டோ எடுத்த பிறகுதான் ஸ்பூன் உள்ளே இறங்கும். எண்பது தாண்டிய என் அம்மா முதல் தடவை ஜாடியை எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, பழசா? வெங்காயம் உரிச்சுத் தரவா?”

“இது ஓவர்நைட் ஓட்ஸ், அப்பத்தா.”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

அம்மா கேட்டதிலும் நியாயம் உண்டு. பழைய சோறும் சும்மா இருக்கவில்லை. மண்சட்டியில் ஏறி நட்சத்திர ஓட்டல் வரைக்கும் போய்விட்டது.

மகளும் ஆதாரமில்லாமல் பேசுகிறவள் இல்லை. சூரிச் நகரத்து மருத்துவர் பிர்ஷர்-பென்னர் 1900 வாக்கில் தன் நோயாளிகளுக்குக் கொடுத்ததும் ஊறிய ஓட்ஸ்தான். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ், 12 மணி நேர ஊறல். அதில் தோலோடு துருவிய முழு ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் டின் பால், பொடித்த பாதாம். அங்கே பழம்தான் சாப்பாடு, ஓட்ஸ் சும்மா கூட வந்தது. கடையில் விற்கும் பழச்சுவை பாக்கெட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். நாங்கள் வாங்கியதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சர்க்கரை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. பழம் நாலு துணுக்கு. மிச்ச வேலையை எசன்ஸ் பார்த்துக்கொண்டது. முன்பக்கத்தில் மட்டும் பெரிதாக ஓர் இதயப் படம். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஓட்ஸில் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து இருக்கிறது. தினம் 3 கிராம் உள்ளே போனால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று விளம்பரப்படுத்த அமெரிக்க அரசு 1997-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. சர்க்கரை விஷயத்தில்தான் முன்பக்கம் வாயைத் திறப்பதில்லை.

அதனால் பழ இலாகா என் கைக்கு வந்தது. அன்னாசி, பப்பாளி இரண்டையும் பச்சையாகப் பாலில் ராத்திரி முழுக்க விடக்கூடாது. அவற்றிலுள்ள என்சைம் பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும். வாழைப்பழம் கறுக்கும், காலையில்தான் நறுக்கவேண்டும். மாம்பழம் மட்டும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, எப்போது போட்டாலும் சரி. அது இல்லாத மாதங்களில் சிறுமலைப் பழம், பேரீச்சை, ஒரு சிட்டிகை ஏலக்காய். சர்க்கரை கிடையாது.

ருசி பார்த்த அம்மா, “பழனி பஞ்சாமிர்தத்துல யாரு அவலக் கொட்டுனது?” என்றாள். கேட்டுக்கொண்டே கிண்ணத்தை மறுபடி நீட்டினாள்.

“அப்பத்தா, உங்களுக்கு சுகர் இருக்கு.”

“ஒடம்புக்கு நல்லதுன்னு நீதானடி சொன்ன?”