கடைசி நிலையமா, கதை முடிந்ததா?

கேள்வி: 'எண்ட் ஆஃப் தி லைன்' என்பது ரயிலின் கடைசி நிலையமா, கதை முடிந்ததா? (வாசகர், பூன் லே)

பதில்: இரண்டும்தான். ஆனால் உங்கள் ஊர் இரண்டாவது பொருளைப் பொய்யாக்கிவிட்டதே! 1990 ஜூலையில் பூன் லே நிலையம் திறந்தபோது, சிங்கப்பூரின் கிழக்கு-மேற்கு ரயில் பாதையின் மேற்குக் கோடி அதுதான். வண்டி காலியாகும். துவாஸ் தொழிற்சாலைக்குப் போகிறவருக்கோ அதற்குப் பிறகுதான் பாதிப் பயணமே. சாப்பாட்டுப் பையோடு பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. உழைக்கிறவரைக் கேட்டுத்தான் இந்தச் சொற்றொடருக்குப் பொருள் எழுத வேண்டும் என்பேன். 2009-இல் தண்டவாளம் ஜூ கூனுக்கும், 2017-இல் துவாஸ் லிங்க்குக்கும் நீண்டது. அடுத்து ஜூரோங் வட்டாரப் பாதையும் பூன் லேக்கு வருகிறது; அன்றைய கடைசி நிலையம் சந்திப்பு நிலையமாகப் போகிறது.