அம்மிணி கொடி புடிக்கப் போறா

ஏனம்மிணி, கொடி புடிக்கப் போறேன்னு நீ சொன்னதும் உங்கப்பா ‘எந்தக் கட்சிக்கு?’ன்னு கேட்டாராமா. மாப்பிள்ளையைக் குத்தஞ்சொல்ல முடியாது. நம்மூர்ல கொடி புடிச்சவனுக்குப் பிரியாணியாச்சும் கெடச்சுது. நீ செட்டிபாளையம் கரி ஸ்பீடுவேல, சம்பளமில்லாம, மொகந்தெரியாத பசங்களுக்குக் கொடி காட்டறதுக்குப் பேரு குடுத்துட்டு வந்திருக்கற. மார்ஷல்னு பட்டம் வேற. ராணுவத்துல என்னமோ பெரிய உத்தியோகம்னு உங்க அம்மாயி வளவு பூராஞ் சொல்லிட்டுத் திரியறா. நீ இல்லைன்னு சொல்லிப் போடாத, தரகர் வந்தா ஒதவும்.

கார் ரேஸு பாக்கலாம்னுதான போற? நல்லா ஏமாந்த போ. ஓடுபாதை ரெண்டு கிலோமீட்டருக்குச் சொச்சம். அதுல உனக்குன்னு ஒரு வளைவு. பொழுதுக்கும் அந்த வளைவையேதான் பாத்துட்டு நிக்கோணும். யாரு மொதல்ல வந்தான்னு சாயங்காலம் வூட்டுக்கு வந்து எவனையாச்சும் கேட்டுத் தெரிஞ்சுக்குவ. உனக்குப் புடிச்ச பையன் முந்தறான்னு கை தட்டப்படாது, போட்டோ எடுக்கப்படாது. வேடிக்கை பாக்கறதுன்னா காசு குடுத்து டிக்கெட்டு வாங்கிட்டுப் போறதுதான் லாபம்.

சரி, போறதுன்னு முடிவு பண்ணீட்ட. உடுப்பைச் சொல்றேன் கேட்டுக்கோ. உங்க சித்தி தீவாளிக்கு எடுத்துக் குடுத்தாளே மஞ்சச் சுடிதாரு, அதை மறந்தாப்பலகூடப் போட்டுட்டுப் போயறாத. நீ நிக்கறதைப் பாத்து வர்றவனெல்லாம் ஆபத்துன்னு வேகத்தைக் கொறச்சுருவான். சிவப்புன்னா ரேஸே நின்னு போகும். துப்பட்டா, நைலான் எதும் ஆகாது. நெருப்புப் பட்டா மேலோட ஒட்டிக்கும். பருத்தித் துணி, முழுக்கால் பேண்ட்டு, தோல் பூட்சு, தோல் கையொற. எரியற காரையோ கொதிக்கற இஞ்சினையோ தொடறதுக்கு வளையல் ஒதவாது கண்ணு.

கொடி ஆட்டறதுக்கு இப்பவே பழகிக்கோ. அம்மாயியோட பழைய சீலையைக் கிழிச்சு ஒரு குச்சியில கட்டி, தோப்புக்குள்ள நின்னு எட்டுப் போடற கணக்கா வீசு. சும்மா இப்படியும் அப்படியும் ஆட்டுனா துணி குச்சியில சுத்திக்கும், வர்றவனுக்கு வெறுங்குச்சிதான் தெரியும். மணிக்கு 150 கிலோமீட்டர்ல வர்றவன் ஒரு நொடியில 40 மீட்டருக்கு மேல போயிருவான், நம்ம தோப்புல அஞ்சு தென்னைக்கு அந்தாண்ட. அதுக்குள்ள அவன் உன்ற கொடியைப் பாத்து, நம்பி, காலை எடுக்கோணும். மஞ்சக் கொடின்னா முன்னால வில்லங்கம், எவனும் எவனையும் முந்தப்படாது. பச்சைன்னா தெளிஞ்சுருச்சு. மஞ்சளும் சிவப்பும் பட்டை போட்டதுன்னா ரோட்டுல எண்ணெய் கொட்டிக் கெடக்குது. நீலம்னா, பின்னால உன்னைவிடக் கெட்டிக்காரன் வர்றான், பாத்துக்கோ. பொள்ளாச்சி ரோட்டுல லாரிக்காரங்களுக்கு அந்தக் கொடியைக் காட்ட ஆளில்லாமத்தான் நாம இத்தனை வருசமாக் கஷ்டப்படறோம். கறுப்புக் கொடி காட்டற ஆசையெல்லாம் வேண்டாம். அது மேலிடத்து உத்தரவு வந்து, கார் நம்பரோட சேத்துக் காட்டறது.

கொடி புடிக்கறது ரெண்டு ரெண்டு பேரா நிக்கற சோலி. நீலக் கொடிக்காரன் வர்ற காரைப் பாக்கோணும். மஞ்சக் கொடிக்காரன் மறுபக்கம் திரும்பி, போன காருக்கு என்னாச்சுன்னு பாக்கோணும். உன்ற முதுகை அவன் பாத்துக்குவான், அவன் முதுகை நீ பாத்துக்கோணும். கலியாணமாகி இத்தனை வருசத்துல என்ற முதுகுக்குப் பின்னால உங்க அம்மாயி என்ன பண்றாள்னு எனக்கு இன்னும் புடிபடல. நீ காலையில அறிமுகமான ஆளை நம்பி நிக்கப் போற. அதனால டீ குடிக்கறப்பவே ஆளை அளந்துக்கோ. போனை நோண்டறவன்னா வேற போஸ்ட்டு கேட்டு வாங்கீரு.

கார் உருண்டுதுன்னு வெச்சுக்கோ. நம்ம சனத்துக்குக் கையும் காலும் பரபரங்கும். ஓடிப் போயி தண்ணி தெளிச்சு, சோடா உடைச்சு, தலைக்கொருத்தன் காலுக்கொருத்தன்னு தூக்கீட்டு ஓடறதுதான நம்ம வைத்தியம்? அங்க அது கொலைக் குத்தம். நெருப்புப் புடிக்காதவரைக்கும் ஓட்டுனவனை அசைக்கப்படாது, ஹெல்மெட்டைக் கழட்டப்படாது. கழுத்து எலும்பு போயிருந்துதுன்னா டாக்டர் வர்றதுக்குள்ள நீ சோலியை முடிச்சுப்புடுவ.

அதைவிடப் பெரிசு, உத்தரவு வராம ஓடுபாதையில காலை வெக்காத. 1977-ல தென்னாப்பிரிக்காவுல, கியாலமிங்கற எடத்துல ஒரு கார் ஓரமா நின்னு லேசா நெருப்புப் புடிச்சுது. எதுத்த பக்கமிருந்து ரெண்டு மார்ஷலுங்க குறுக்க ஓடினாங்க. ஒருத்தனுக்கு வயசு 19, கையில தீயணைக்கற உருளை. ரோட்டு மேடு மறைச்சுது. வந்த கார் அடிச்சு அவன் அங்கயே போயிட்டான். அந்த உருளை தலையில பட்டு, காரை ஓட்டுன டாம் பிரைஸும் போயிட்டான். நின்ன காருக்காரனுக்கு ஒண்ணுமில்ல, எறங்கி வந்துட்டான். இதுல நக்கலடிக்க எனக்கு வாய் வரமாட்டீங்குது அம்மிணி. வாக்கி டாக்கியில சொல்ற வரைக்கும் நின்ன எடத்துலயே நில்லு. அவ்வளவுதான்.

அப்பறம் எழுதற வேலை ஒண்ணு இருக்குது. எந்த நம்பர் காரு, எங்க வெச்சு, எதை இடிச்சுது. கண்ணால பாத்ததை மட்டும் எழுதிக் குடு. ‘அவன் வேணும்னேதான் இடிச்சான், மூஞ்சியப் பாத்தாலே தெரியும்’னெல்லாம் எழுதாத. அது உங்க பெரியம்மா எழுதற ரிப்போட்டு.

அப்புச்சிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்கற. பட்டறையில லேத்து ஓட்டுன காலத்துல, கரிவரதன்னு மில்லு வூட்டு மனுசன் ஒருத்தர் மாருதி இஞ்சினைப் போட்டு ரேஸ் கார் கட்டுனாரு. இந்த ஊரே அப்ப நட்டும் போல்ட்டுமாத்தான் பேசீட்டிருந்துது. சோழவரத்துல, ரெண்டாம் ஒலகச் சண்டைக்குன்னு போட்ட விமானப் பாதையில ரேஸு நடக்கும். பட்டறைப் பசங்களோட லாரியேறிப் போயிப் பாத்தவன்டி நானு. கரிவரதன் 1995-ல சின்ன விமானம் விழுந்து போயிட்டாரு. 2003-ல தொறந்த செட்டிபாளையம் பாதைக்கு அவரு பேருதான் வெச்சிருக்கறாங்க.

அதனால நானும் ஒரு எட்டு வர்லாம்னு இருக்கறேன். தோள்ல பச்சைத் துண்டோட வேலியோரம் நின்னா, பாதை தெளிஞ்சுருச்சுன்னு எவனாச்சும் அழுத்தீட்டுப் போயிருவான். வெள்ளைத் துண்டு போட்டுக்கறேன். மெதுவா ஓடற வண்டியொண்ணு பாதையில இருக்குதுன்னுதான அதுக்கு அர்த்தம்? பொய்யில்லையே. பெருசுங்களை எந்தக் கேட்டு வழியா உள்ள வுடறாங்கன்னு மட்டும் உங்க ஆளுங்ககிட்ட வெசாரிச்சு வையி. அம்மாயிகிட்ட சொல்லிப் போடாத, அவளும் கெளம்பீருவா.