இஸ்தோப்பும் ஸ்வொப்பும்

எங்கள் வீட்டு லெப்டொப் ஓடினால் அது மகளின் கெட்டித்தனம். நின்றால் அது என் குற்றம். விண்டோஸைக் கழற்றிவிட்டு லினக்ஸ் போட்டவன் நான் என்பதால் அப்பீலுக்கும் வழியில்லை. "காசு குடுக்காம வந்தது அப்படித்தாங்க இருக்கும்" என்பது மனைவியின் தீர்ப்பு. லினக்ஸைச் சொல்கிறாளா, சீதனம் கேட்காமல் வந்த என்னைச் சொல்கிறாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரு பக்கம் சூம் வகுப்பு, ஒரு பக்கம் கடந்தகால வினாத்தாள்கள், அதற்கிடையில் படிப்புக்குச் சம்பந்தமில்லாத, நான் பார்க்கக் கூடாத சில ஜன்னல்கள். இவ்வளவையும் தாங்க வேண்டியது இரண்டு ஜிபி ரெம். இரசாயனவியல் ஆசிரியர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார்; சிறிது நேரத்தில் பிரவுசரே காணாமல் போகும். போதாததற்கு, காலையில் லெப்டொப்பை எழுப்பினால் திரையில் "ஒரு நிமிடம் முப்பது விநாடி" என்று எண்ணிக்கொண்டு எதற்கோ காத்து நிற்கும். அந்த நேரத்தில் நான் ஒரு தேத்தண்ணி குடித்துவிடுவேன். ஹட்டன் குளிரில் அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை. மற்றவர்களுக்குப் பட்டது.

ஸ்வொப்பில்தான் கோளாறு என்று அறிவித்தேன். ஸ்வொப் என்றால் என்ன என்று கேட்டவர் மாமியார். லயத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் விளக்குவது சுலபமாக இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராதான் ரெம். முன்னாலிருக்கும் திண்ணையான இஸ்தோப்புதான் ஸ்வொப். காம்பரா நிறைந்துவிட்டால் இப்போதைக்கு வேண்டாத சாமானை இஸ்தோப்பில் வைப்போம், வேண்டும்போது உள்ளே எடுப்போம். ஹாட் டிஸ்கில் ஓர் இடத்தை ஒதுக்கி லினக்ஸும் அதைத்தான் செய்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் ஓடத் தொடங்கிய அட்லஸ் கணினியும் செய்தது இதுவே. உள்ளே இருந்த சிறிய நினைவகத்தையும் வெளியே சுழன்ற காந்த உருளையையும் சேர்த்து, எல்லாம் ஒரே பெரிய வீடு என்று நிரல்களை நம்ப வைத்தது.

"எந்தச் சாமான வெளிய வைக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும் மாப்பிள்ள?"

"கொஞ்ச நாளா யாரும் தொடாதது, யாருக்கும் தேவைப்படாதது மாமி."

மாமியார் என்னையே பார்த்தார். பிறகு, "மழையில இஸ்தோப்புக்கும் காம்பராவுக்கும் ஓடிக்கிட்டே இருந்தா சோறு எப்ப ஆக்குறது?" என்றார். பீட்டர் டென்னிங் இதே சங்கதியை 1968இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். நினைவகம் போதாவிட்டால் ஏற்றுவதும் இறக்குவதும்தான் நடக்கும், வேலை நடக்காது. மாமியார் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஆலோசகர் கூடலூரில் இருக்கிற சித்தப்பா மகன். வட்ஸ்அப்பில் வந்து, "அண்ணே, மொதல்ல ஃப்ரீன்னு அடிங்க" என்றான். அடித்தேன். ஸ்வொப் வரிசையில் பூச்சியம். இஸ்தோப்பு சின்னது என்று நான் வீடெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், இஸ்தோப்பே இல்லை! இடம் முழுதாக நிறைந்தால் லினக்ஸின் மையமான கேர்னல் ஒவ்வொரு நிரலுக்கும் மார்க் போட்டு, அதிக இடம் பிடித்திருப்பதைக் கொன்றுவிடும் என்று விளக்கினான். ஆசிரியரோடு பிரவுசர் போன வழி அதுதான். "கேக்காமலே ஆள வெளியேத்துறதப் பத்தி நமக்குச் சொல்லித்தரணுமாண்ணே?" என்று சிரித்தான். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான ஸ்ரீமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு இந்தியாவுக்கு ஒதுக்கிய 5,25,000 மலையகத் தமிழரில் அவன் குடும்பமும் சேர்த்தி. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்கள். அங்கேயும் தேயிலைதான்.

காரணம் பிறகு பிடிபட்டது. விடுமுறைக்கு வந்த அக்கா மகன், "மாமா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் பக்கத்திலேயே இன்னொரு லினக்ஸைப் போட்டிருந்தான். அது ஸ்வொப் பகுதியைப் புதிதாக வடிவமைத்துவிட்டது. அப்படிச் செய்தால் அந்தப் பகுதியின் நீண்ட அடையாள எண் மாறிவிடும். எந்தப் பகுதியை எடுப்பது என்று பழைய லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலோ பழைய எண்ணே கிடந்தது. இல்லாத எண்ணைத் தேடித்தான் காலையில் தொண்ணூறு விநாடி நின்றிருக்கிறது. பிஎல்கேஐடி என்ற கட்டளை புது எண்ணைச் சொன்னது. கோப்பில் திருத்தி, "ஸ்வொப்ஒன் -ஏ" அடித்தவுடன் இஸ்தோப்பு திரும்பி வந்தது. (உபுண்டு 17.04 முதல் புதிதாகப் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தனிப் பகுதி கிடையாது, ஒரு கோப்புதான். அதை உரிமையாளர் மட்டும் தொடும்படி 600 என்று பூட்ட வேண்டும்.)

ஆசிரியர் இப்போது காணாமல் போவதில்லை. ஆனால் அசையவுமில்லை. விஎம்ஸ்டேட் என்ற கட்டளையைப் போட்டால் உள்ளே வருவது, வெளியே போவது என்று இரண்டு நெடுவரிசையிலும் எண்கள் ஓயாமல் ஓடின. மாமியார் சொன்ன மழை ஓட்டம். வெளியே தள்ளும் ஆர்வத்துக்கு லினக்ஸில் ஓர் அளவு உண்டு, வழக்கமாக 60. அதைப் பத்தாக்கினேன். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது, மாற்றியவன் நானல்லவா! இசட்ரெம் உண்மையாகவே கொஞ்சம் உதவியது. வெளியே அனுப்புவதற்குப் பதில் காம்பராவுக்குள்ளேயே அமுக்கிக் கட்டிவைக்கும் வித்தை அது. ஃபெடோராவில் 2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து அது தானாகவே வருகிறது.

கடைசி மருந்து ரெம் வாங்குவது என்பது எனக்கு முதலிலேயே தெரியும். 2022இல் டொலர் இருநூறு ரூபாய்ச் சொச்சத்திலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறிய நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் வீட்டில் உச்சரிக்காமல் இருந்தேன். மனைவிதான் என்னை டவுனுக்கு இழுத்துப் போனாள். நான் நாலு ஜிபி என்று வாயெடுக்குமுன், "எட்டு எடுத்தா எவ்வளவு கொறைப்பீங்க தம்பி?" என்று போஞ்சிக்காய் பேரம் பேசும் குரலில் கேட்டாள். கடைக்காரர் குறைத்தார்.

மகள் அன்றைக்கே ஜன்னல்களை எட்டுக்கு ஏற்றபடி பெருக்கிவிட்டாள். படுக்கப் போகுமுன் ஃப்ரீ அடித்துப் பார்த்தேன். ஸ்வொப்பில் நானூறு எம்பி ஏறியிருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை, பதினாறு வாங்கப் போய்விடுவாள்.